கரண்ட் பில்லும் நம் கணக்கு நோட்டும்

(நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில், பொது மின் இணைப்புச் செலவைக் கவனித்துவரும் துணைக்குழு உறுப்பினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு மின் கட்டணம். இதைப் பற்றிப் பேச எல்லோரிடமும் ஏதாவது இருக்கிறது. "போன தடவை இவ்வளவு வரலையே சார்" என்று லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் யாராவது சொல்கிறார்கள். "போன தடவை எத்தனை யூனிட், எத்தனை நாளுக்கு?" என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. ரூபாய் நினைவிருக்கும். யூனிட் நினைவிருக்காது. தேதி சுத்தமாக நினைவிருக்காது.

நான் இன்று சொல்ல வந்தது ஒரே விஷயம். கடந்த சில வருடங்களில் மின் கட்டண விதிகள் நிறைய மாறியிருக்கின்றன. சில நமக்குச் சுமை, சில நமக்கு உதவி. இரண்டிலுமே, கையில் கணக்கு வைத்திருப்பவருக்குத்தான் அந்த விதி பயன்படும். வெறும் கையோடு போய் நின்றால் நல்ல விதிகூட நமக்கு உதவாது.

விலையை முடிவு செய்வது யார்?

"ஈ.பி.காரங்க ஏத்திட்டாங்க" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் இதில் மூன்று பேர் இருக்கிறார்கள். நமக்கு மின்சாரம் கொடுத்து பில் போடுவது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். நாம் டான்ஜெட்கோ என்று சொல்லிப் பழகிய நிறுவனம்தான் 2024-ல் பிரிக்கப்பட்டு இந்தப் பெயருக்கு வந்தது. அது விலை கேட்கலாம், தானாக வைக்க முடியாது. விலையை நிர்ணயிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். மூன்றாவது மாநில அரசு. அரசு மானியம் கொடுத்தால், ஆணையம் வைத்த விலைக்கும் நாம் கட்டும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை அரசு கழகத்துக்குக் கட்டுகிறது. முதல் 100 யூனிட் இலவசம் என்பது இப்படித்தான் நடக்கிறது.

2022 செப்டம்பர் 10-ல் அமலுக்கு வந்த ஆணைதான் இன்றைய கட்டணத்துக்கு அடிப்படை. பலர் கவனிக்காத ஒரு விஷயம் அதில் இருக்கிறது. 2026-27 வரை ஒவ்வொரு ஜூலை 1-ம் தேதியும் கட்டணம் உயரலாம். எவ்வளவு? நுகர்வோர் விலைக் குறியீடு எவ்வளவு ஏறியதோ அவ்வளவு, ஆனால் 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அப்படித்தான் 2023-ல் 2.18, 2024-ல் 4.83, 2025-ல் 3.16 சதவீதம் என்று வந்தது. 2023-லும் 2025-லும் வீடுகளுக்கான உயர்வை அரசு ஏற்றுக்கொண்டது. 2024 உயர்வு வீட்டு பில்லுக்கும் வந்தது. ஆகவே ஜூலை மாதம் பிறந்தால் செய்தியைக் கவனியுங்கள். சங்க பட்ஜெட் போடுகிறவர்கள் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும்.

வீட்டு பில்: 500-ம் யூனிட்டில் ஒரு படி

நம் ஃபிளாட்டுகளில் இரண்டு மாதத்துக்கு 400 முதல் 600 யூனிட் வரை செலவாகும் வீடுகள் அதிகம். அவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2022 ஆணையின் விலையிலேயே சொல்கிறேன். அதன் பிறகு பைசாக்கள் கூடியிருக்கின்றன, அமைப்பு அதேதான்.

500 யூனிட்டுக்குள் இருந்தால்: முதல் 100 இலவசம். அடுத்த 100-க்கு 2.25 வீதம் 225 ரூபாய். 201 முதல் 400 வரை 4.50 வீதம் 900. 401 முதல் 500 வரை 6 ரூபாய் வீதம் 600. ஆக 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய்.

501 ஆனால்: முதல் 100 இலவசம் தொடர்கிறது. ஆனால் அந்த 2.25 சலுகை போய்விடுகிறது. 101 முதல் 400 வரை முழுவதும் 4.50, அதாவது 1,350. பிறகு 600. அந்த ஒரு யூனிட்டுக்கு 8. மொத்தம் 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய் வித்தியாசம்.

இப்போது தேதி ஏன் முக்கியம் என்று பாருங்கள். ஒரு வீட்டில் நாளைக்கு 8 யூனிட் என்று வையுங்கள். 60 நாளில் ரீடிங் எடுத்தால் 480 யூனிட், 1,605 ரூபாய். மூன்று நாள் தள்ளி 63-வது நாளில் எடுத்து, அந்த நாட்களும் இதே பில்லில் சேர்ந்தால் 504 யூனிட், 1,982 ரூபாய். 24 யூனிட்டுக்கு 377 ரூபாய். "அடுத்த பில்லில் மூன்று நாள் குறையுமே" என்பீர்கள். குறையும். ஆனால் படி ஏறியதால் போன சலுகை அதில் திரும்பி வராது.

ஆகவே ரீடிங் எடுத்த தேதி, மீட்டரில் அன்று இருந்த எண், இரண்டையும் குறித்துவையுங்கள். நம் மீட்டர் போர்டு கீழே மாடிப்படிக்கு அடியில்தான் இருக்கிறது. பால் வாங்கப் போகும்போது போனில் ஒரு படம் எடுத்தால் போதும், படத்திலேயே தேதி பதிவாகிவிடும். ரீடிங் தள்ளிப்போய் பில் எகிறினால் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கேட்க அந்தப் படம்தான் ஆதாரம்.

பொது இணைப்பு: நம் எல்லோருடைய பில்

லிஃப்ட், தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்கு, கேமரா எல்லாம் ஓடுவது பொது இணைப்பில். 2022-க்கு முன் இதற்கு வீட்டுக் கட்டணம்தான். அந்த ஆணையில் அடுக்குமாடிப் பொதுப் பயன்பாட்டுக்கு ஒன்று-டி என்று தனி வகை வந்தது. இலவச யூனிட் கிடையாது. முதல் யூனிட்டிலிருந்தே 8 ரூபாய். 2024 உயர்வுக்குப் பின் அது 8.55 ஆனது. நம் மெயின்டனன்ஸ் தொகையை ஏன் ஏற்றினோம் என்று கேட்பவர்களுக்கு இது ஒரு காரணம்.

2023-ல் ஒரு மாற்றம் வந்தது. சிறிய குடியிருப்புகளிலிருந்து வந்த கோரிக்கைகளுக்குப் பிறகு, முதலமைச்சர் அக்டோபரில் அறிவித்து, நவம்பர் 1 முதல் பொது இணைப்புக்கு யூனிட் 5.50 ரூபாய் என்று குறைத்தார்கள். நிபந்தனை மூன்று. வீடுகள் பத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மாடி மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. லிஃப்ட் இருக்கக் கூடாது. நமக்கு லிஃப்ட் இருப்பதால் கிடைக்காது. உங்கள் அண்ணன் தம்பி, பிள்ளைகள் யாராவது அப்படிப்பட்ட சின்ன அபார்ட்மென்டில் இருந்தால், அவர்களுடைய பொது பில்லில் எந்த வகை போட்டிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். வகை மாறாமலே இருந்தால் விண்ணப்பம் கொடுக்க வேண்டும்.

நமக்குச் செய்ய முடிந்தது வேறு ஒன்று. ஒன்று-டி வகையில் யூனிட் விலை தவிர நிலைக் கட்டணமும் உண்டு. அனுமதிக்கப்பட்ட மின்பளுவில் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் மாதம் 100 ரூபாய் என்று 2022-ல் வைத்தார்கள். கட்டடம் கட்டும்போது பில்டர் 20 கிலோவாட் வாங்கியிருந்தால், இரண்டு மாதத்துக்கு 4,000 ரூபாய். ஒரு விளக்குகூடப் போடாவிட்டாலும் இந்தத் தொகை உண்டு.

உண்மையில் நமக்கு எவ்வளவு தேவை? மீட்டரிலேயே அதிகபட்சத் தேவை என்று ஒரு அளவு காட்டும். உதாரணத்துக்கு, அது ஒரு வருடம் முழுக்க 12-ஐத் தாண்டவே இல்லை என்றால், மின்பளுவை 14 ஆகக் குறைக்க விண்ணப்பிக்கலாம். 6 கிலோவாட் குறைந்தால் அந்த விலையில் வருடத்துக்கு 7,200 ரூபாய் மிச்சம். ஆனால் அவசரப்படக் கூடாது. மே மாத வெயிலில் தண்ணீர் மோட்டார் எத்தனை முறை ஓடுகிறது, நவம்பர் மழையில் கீழ்த்தளத்துத் தண்ணீரை இறைக்க எத்தனை பம்பு ஒன்றாக ஓடுகிறது என்று இரண்டு காலத்தையும் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். குறைத்த பிறகு அளவைத் தாண்டினால் அதிகம் கட்ட வேண்டியிருக்கும். ஆகவே இங்கேயும் முதலில் ஒரு வருடக் கணக்கு வேண்டும்.

மத்திய விதிகளில் வந்த மாற்றங்கள்

2020 டிசம்பர் 31-ல் மத்திய அரசு மின்சார (நுகர்வோர் உரிமைகள்) விதிகளை வெளியிட்டது. 2023 ஜூனிலும் 2024 பிப்ரவரியிலும் அதில் முக்கியமான திருத்தங்கள் வந்தன. அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, மீட்டர் சந்தேகம். ரீடிங் நம் உபயோகத்தோடு ஒத்துவரவில்லை என்று புகார் கொடுத்தால், 5 நாளுக்குள் கூடுதலாக ஒரு மீட்டர் வைத்து, குறைந்தது மூன்று மாதம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். "மீட்டர் ஓடுது சார்" என்று சொல்லிக்கொண்டிருப்பதற்குப் பதில் கேட்க வேண்டியது இதைத்தான். எழுதிக் கேளுங்கள், பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குங்கள்.

இரண்டாவது, ஸ்மார்ட் மீட்டர். சென்னை தியாகராய நகரில் ஒரு லட்சத்துக்கும் மேல் ஏற்கெனவே பொருத்தியிருக்கிறார்கள். நமக்கும் ஒருநாள் வரும். அது தினமும் ஒரு தடவையாவது தொலைவிலிருந்தே ரீடிங் அனுப்ப வேண்டும், அந்த விவரம் நுகர்வோருக்கும் தெரிய வேண்டும் என்கிறது விதி. பயம் ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு 4 கிலோவாட் வாங்கிவிட்டு மூன்று ஏ.சி. ஓட்டுகிறோம், புது மீட்டர் காட்டிக்கொடுத்துவிடுமே என்று. 2023 திருத்தம் இதற்குப் பதில் சொல்கிறது. ஸ்மார்ட் மீட்டர் காட்டும் அளவை வைத்து, அது பொருத்தப்படுவதற்கு முந்தைய காலத்துக்கு அபராதம் போடக் கூடாது. ஒரு நிதியாண்டில் குறைந்தது மூன்று முறை தாண்டினால்தான் மின்பளுவை மாற்றியமைக்கலாம்.

மூன்றாவது, நேரத்துக்கு ஒரு விலை. வெயில் நேரத்தில் சூரிய மின்சாரம் நிறையக் கிடைப்பதால் அப்போது விலை குறைவாகவும், எல்லோரும் ஒரே நேரத்தில் சுவிட்சைப் போடும் உச்ச நேரத்தில் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்கிறது 2023 திருத்தம். வெயில் நேரத்தில் குறைந்தது 20 சதவீதம் குறைவு, உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல். இது வீட்டு பில்லுக்கு வர வேண்டுமானால் நம் மாநில ஆணையத்தின் கட்டண ஆணை வழியாகத்தான் வர வேண்டும். வந்தால் என்ன செய்வோம்? தண்ணீர் மோட்டாரைப் பகல் 12 மணிக்கு ஓட்டினால் லாபம், மாலை 7 மணிக்கு ஓட்டினால் நஷ்டம். இப்போது நம் மோட்டார் எந்த நேரத்தில் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று வாட்ச்மேன் அண்ணனுக்குத்தான் தெரியும். அது நோட்டில் இருக்க வேண்டும்.

நான்காவது, நேராக நம்மைத் தொடுவது. அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லோருக்கும் தனித்தனி இணைப்பா, முழுக் கட்டடத்துக்கும் ஒரே இணைப்பா என்பதைக் குடியிருப்போரே வாக்கெடுப்பு மூலம் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது 2024 திருத்தம். வாக்கெடுப்பை நடத்த வேண்டியது மின் விநியோக நிறுவனம். அதோடு மூன்று கணக்குகளைத் தனித்தனியாக அளந்து, தனித்தனியாக வசூலிக்க வேண்டும் என்றும் சொல்கிறது: வீட்டுக்குள் செலவாகும் மின்சாரம், சங்கம் கொடுக்கும் ஜெனரேட்டர் மின்சாரம், பொது இடத்து மின்சாரம். இதற்குப் பிறகு வருகிறேன்.

சிம் கார்டு மாதிரி மாற்றிக்கொள்ள முடிந்தால்?

போன கூட்டத்தில் ஒருவர் கேட்டார், "போன் கம்பெனியை மாத்துற மாதிரி கரண்ட் கம்பெனியை மாத்த முடிஞ்சா இந்தத் தலைவலி இருக்காதே?" என்று. மும்பையின் சில பகுதிகளில் இன்றே இரண்டு நிறுவனங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரே பகுதியில் பல விநியோக நிறுவனங்களுக்கு வழி செய்யும் மசோதா ஒன்று 2022 ஆகஸ்டில் மக்களவையில் தாக்கலாகி நிலைக்குழுவுக்குப் போனது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2002-லிருந்தே பெரும்பாலான மக்களுக்கு இந்த வசதி உண்டு. அங்கே சிலர், சந்தையில் மொத்த விலை எவ்வளவோ அதையே கட்டும் திட்டத்தில் சேர்ந்திருந்தார்கள். சாதாரண நாட்களில் அது மலிவு. 2021 பிப்ரவரியில் பனிப்புயல் வந்து மின் நிலையங்கள் முடங்கின. மொத்த விலை அதிகபட்ச வரம்பான ஒரு யூனிட்டுக்கு 9 டாலரைத் தொட்டு நாள்கணக்கில் அங்கேயே நின்றது. சிலருக்குச் சில நாட்களில் ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தது. அதன் பிறகுதான் வீடுகளுக்கு அந்த மாதிரித் திட்டம் விற்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். பிரிட்டனில் 2021-ல் எரிவாயு விலை ஏறியபோது, மின்சாரமும் எரிவாயுவும் விற்ற நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு, வாடிக்கையாளர்களை வேறு நிறுவனங்களுக்கு மாற்ற வேண்டியிருந்தது.

தேர்ந்தெடுக்கும் வசதி கெட்டது என்று நான் சொல்லவில்லை. தன் வீட்டில் எந்த நேரத்தில் எவ்வளவு செலவாகிறது என்று தெரியாதவர், பத்து கம்பெனி வந்தாலும் விளம்பரத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்.

அவர்களும் கணக்கு கொடுக்க வேண்டும்

கணக்கு நமக்கு மட்டும் இல்லை. 2003 மின்சாரச் சட்டத்தின் 57-வது பிரிவு, மின் நிறுவனத்தின் சேவைக்குத் தரம் நிர்ணயிக்கச் சொல்கிறது. அது தவறினால் நுகர்வோருக்கு இழப்பீடு உண்டு. 59-வது பிரிவு, அந்தத் தரத்தை எவ்வளவு எட்டினார்கள் என்ற விவரத்தை நிறுவனம் ஆணையத்துக்குக் கொடுக்க வேண்டும், ஆணையம் வருடத்துக்கு ஒரு முறையாவது வெளியிட வேண்டும் என்கிறது. எத்தனை தடவை மின்தடை, மொத்தம் எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அதில் வரும். அந்தப் பெரிய கணக்கில் நம் தெரு சேர்ந்ததா என்று சொல்ல, நம்மிடம் ஒரு சின்னக் கணக்கு இருக்க வேண்டும்.

புகார் என்றால் வரிசை இதுதான். உடனடிப் புகாருக்கு மின்னகம், 94987 94987. கொடுக்கும் புகார் எண்ணை எழுதிவையுங்கள். பில், மீட்டர் விஷயம் என்றால் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் எழுத்தில். தீராவிட்டால் மின் பகிர்மான வட்டத்தில் இருக்கும் நுகர்வோர் குறைதீர் மன்றம். அங்கும் திருப்தி இல்லையென்றால் மின்குறை தீர்ப்பாளர்.

கட்டண மனு வரும்போது, ஆணை போடுவதற்கு முன் ஆணையம் பொதுமக்கள் கருத்தையும் ஆட்சேபங்களையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடந்தன. அடுத்த முறை நம் சங்கத்தின் பெயரில் ஒரு பக்கமாவது போக வேண்டும். "ரொம்பக் கஷ்டம்" என்று எழுதினால் படித்துவிட்டு வைத்துவிடுவார்கள். "எங்கள் பொது இணைப்பில் இத்தனை யூனிட், அதில் இத்தனை சதவீதம் குடிதண்ணீர் ஏற்றுவதற்கு மட்டும், இதற்கு வீட்டுக் கட்டணம் ஏன் கூடாது?" என்று எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் நாம்

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். அவர்களிடம் கணக்கு கேட்கும் நாம், நமக்குள் கணக்கு கொடுக்கிறோமா?

நம் மெயின்டனன்ஸ் ரசீதில் பொது மின்சாரமும் ஜெனரேட்டர் டீசலும் ஒரே வரியில் "மின் செலவு" என்று போகிறது. ஜெனரேட்டரில் விளக்கும் ஃபேனும் மட்டும் ஓட்டும் வீடும், ஏ.சி. ஓட்டும் வீடும் ஒரே தொகை கட்டுகின்றன. பென்ஷனில் தனியாக இருக்கும் பெரியவர்கள் இதைப் பற்றி எங்கள் துணைக்குழுவிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம். "எல்லாரும் சமம்தானே" என்று இன்னொரு பக்கம் சொல்கிறார்கள். அவர்களிடமும் நியாயம் இல்லாமல் இல்லை, தனி மீட்டர் வைக்கச் செலவாகும். வாதம் பண்ணுவதற்கு முன் எண்ணை மேஜையில் வைப்போம் என்பதே எங்கள் வேண்டுகோள்.

துணைக்குழுவின் சார்பில் மூன்று யோசனைகள் முன்வைக்கிறேன்.

ஒன்று: பொது மீட்டரின் ரீடிங்கையும் அதிகபட்சத் தேவையையும் ஒவ்வொரு மாதமும் 1-ம் தேதி இரண்டு பேர் சேர்ந்து குறிக்க வேண்டும். ஜெனரேட்டர் ஓடிய நேரம், டீசல் லிட்டர், மின்தடை தேதி, நேரம் எல்லாம் அதே நோட்டில். மோட்டார் ஓடும் நேரத்தை வாட்ச்மேன் அண்ணன் எழுதுவதாகச் சொல்லிவிட்டார்.

இரண்டு: அந்த நோட்டின் ஒரு பக்கச் சுருக்கம் ஒவ்வொரு காலாண்டும் இந்தச் செய்தி மடலிலும் கீழே அறிவிப்புப் பலகையிலும் வர வேண்டும். ரசீதில் பொது மின்சாரம் ஒரு வரி, ஜெனரேட்டர் ஒரு வரி என்று பிரித்துப் போட வேண்டும்.

மூன்று: ஒரு வருடக் கணக்கு சேர்ந்ததும் மின்பளு குறைப்பு, ஜெனரேட்டருக்குத் தனி மீட்டர், இரண்டையும் பொதுக்குழுவில் ஓட்டுக்கு விட வேண்டும். அதற்கு முன் வேண்டாம்.

இதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு நோட்டும், மாதத்துக்குப் பத்து நிமிடமும், இரண்டு தன்னார்வலர்களும் வேண்டும். நான் ஒருவன். இன்னொருவர் வேண்டும், கொஞ்சம் இளையவராக இருந்தால் நல்லது. மீட்டர் போர்டுக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.